போன வருஷத்து அருவி

ஜூன் 3, 1965. வியாழன். தென்காசி.

மேற்கே மலை முழுக்க மேகம். ஒரு துளி இல்லை. தங்கல் அக்கா வீட்டில். அவள் தைரியமாக மாடியில் வடகம் காயப்போட்டிருக்கிறாள்.

இரண்டு வார ஒலிப்பதிவுச் சுற்று இன்று ஆரம்பம். கொண்டுவந்தவை: டேப் ரிக்கார்டர் (அம்மிக்கல் கனம்), நாடாச் சுருள்கள், பேட்டரி, வேட்டி நான்கு, தலைவலித் தைலம். பதிவு செய்ததை நெல்லை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். வானொலி நிலையத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வான்.

சாயங்காலப் பண்ணை நிகழ்ச்சியில் நான் 'வேலு அண்ணாச்சி'. உரம், பூச்சி, சந்தை நிலவரம் எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குப் போகும். வேலு அண்ணாச்சிக்கு வயது அறுபது. நஞ்சை உண்டு, ஒரு ஜோடி மாடு உண்டு. எனக்கு முப்பத்தெட்டு. சொந்தப் பயிர், வாடகை வீட்டு வாசலில் ஒரு துளசி.

பஸ் ஸ்டாண்டில் டீ கேட்டேன். "சீனி கம்மியா." பக்கத்தில் நின்றவர் சட்டென்று திரும்பினார். "இது வேலு அண்ணாச்சி தொண்டையில்லா?" என் கருப்புத் தலையைப் பார்த்துக் குழம்பிவிட்டார். "அவருக்குத் தம்பியா இருப்பியளோ?" ஆமாம் என்றேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றான் கடைக்காரன். தம்பிக்கே இந்த மரியாதை.

சனிக்கிழமை நிகழ்ச்சியைக் கிளம்புமுன்பே முடித்துக் கொடுத்தாகிவிட்டது. கார் பருவத்து நாற்றங்கால் பற்றி. என் பேச்சுக்கு அடியில் குற்றால அருவிச் சத்தம், போன சீசனில் நானே பதிவு செய்தது. முதலில் சன்னமாக, போகப் போக ஓங்கி, கடைசியில் பேச்சையே விழுங்கும். நி.அ. (நிகழ்ச்சி அலுவலர்) கேட்டுவிட்டு "குட் எஃபெக்ட்" என்றார். இந்த வருஷம் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'குட்'. நல்ல தூக்கம் வரும் இன்று.

ஜூன் 5, சனி. மருதங்குளம்.

சுரண்டையில் இறங்கி நடை. வெயில் மண்டையைப் பிளந்துவிட்டது. சிற்றாற்றுக் காலில் (வாய்க்கால்) இதுதான் கடைசி ஊர். மேலே உள்ளவர்கள் குடித்து மிச்சம் வைத்தால்தான் இவர்களுக்கு. குளம் வெடித்துக் கிடக்கிறது. ஆடுகள் நடுக்குளத்தில் படுத்திருக்கின்றன.

பஞ்சாயத்துத் தலைவர் சங்கரபாண்டியன் (இனி ச.பா.). பெரிய மீசை, சின்னக் குரல். பஞ்சாயத்து ஆபீஸில் ரேடியோ, மரப்பெட்டிக்குள் பூட்டி. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

நான் யார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். என் நிகழ்ச்சியைக் கேட்கும் முகங்களை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. நிலையத்தில் எனக்கு எதிரே இருப்பது ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் கொட்டாவி விடும் இன்ஜினியர்.

சாயங்காலம் நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வேலு அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். நான் கூட்டத்தின் நடுவில், என் குரலை நானே முதல் தடவை கேட்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு. அருவி மெதுவாக உள்ளே வந்தது. பேச்சு நின்றது. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அருவி ஓங்க ஓங்க ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு மயிர்க்கூச்சு.

அப்புறம் ஒருவர் எழுந்து போனார். பின்னால் இன்னொருவர். பெண்கள் பக்கமும் எழுந்தார்கள். சந்தை நிலவரம் வருவதற்குள் இடம் காலி. ச.பா.வும் பெட்டியைப் பூட்டிவிட்டு, "இருங்க, இந்தா வந்துருதேன்" என்று போனவர் வரவே இல்லை.

பிடிக்கவில்லை போல. ஆபீஸ் பெஞ்சில் படுக்கை. ஒரே கொசு. மனசு சரியில்லை.

ஜூன் 6, ஞாயிறு. காலை.

பிடிக்காமல் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல் தேய்க்க ஊர்க்கிணற்றுக்குப் போனேன். சுற்றுச்சுவர் முழுக்கக் கயிறு. எட்டிப் பார்த்தால் தண்ணீருக்குள் சாக்கு சாக்காகத் தொங்குகிறது. தண்ணீர் இறைக்க வந்த முத்தம்மாள் என்பவளிடம் கேட்டேன்.

"என்னது தாயி உள்ள கெடக்கு?"

"விதநெல்லு. ராத்திரியே எறக்கியாச்சி."

"குளத்துல தண்ணியே இல்லையே, இப்ப எதுக்கு?"

"குத்தாலத்துல விழுந்துட்டுல்லா. நேத்து ரேடியோவுல கேக்கலையா நீங்க?"

"வேலு அண்ணாச்சி அப்படிச் சொல்லலையே."

"அண்ணாச்சி என்ன சொல்ல? அதான் அருவியே சொல்லுச்சே."

நேராக ச.பா.விடம் ஓடினேன்.

ச.பா. விளக்கினார். குற்றாலத்தில் முதல் தண்ணீர் விழுந்த சேதி வந்தால் அன்றைக்கே ஊர் முழுக்க விதையை ஊறப்போட வேண்டும். ஒரு வீடு முந்தக் கூடாது, ஒரு வீடு பிந்தக் கூடாது. விதை முளை விடுவதும், அந்தத் தண்ணீர் கால் வழியாக ஊர்ந்து இந்தக் குளத்துக்கு வருவதும் ஒரே சமயம். முன்னெல்லாம் சேதி கொண்டுவர ஊர்ச் செலவில் ஓர் ஆள் குற்றாலத்தில் காத்துக் கிடப்பானாம்.

"இப்ப யாரு போறா?" என்றேன்.

"ரேடியோ வந்த பெறவு ஆளு அனுப்புததில்ல."

சொல்லிவிட்டேன். அது போன வருஷத்து அருவி, சும்மா அழகுக்குப் போட்டது என்று. அவர் கோபப்படவில்லை. சாவியைத் தடவிக்கொண்டே நின்றார். "போன வருசத்துத் தண்ணியா," என்று மட்டும் இரண்டு தடவை.

நிலைமை இது: ஊறின நெல்லை இன்றைக்கே எடுத்து அவித்தால் சோற்றுக்கு ஆகும், விதை போச்சு. விட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் முளை விடும். முளை விட்டதை ஈர மண்ணில் போட்டே ஆக வேண்டும். இந்தப் பஞ்சத்தில் வேறு விதைக்கு எங்கே போவார்கள். பட்டினி கிடந்த வீட்டில்கூட இதை மட்டும் தொடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

"மொதல்ல போயிப் பாத்துட்டு வாங்க," என்றார் ச.பா. "ஒருவேள நெசமாவே விழுந்திருந்தா?"

எத்தனையோ வருஷமாக மைக் முன்னால் பேசுகிறேன். நான் சொன்ன எதையும் ஒரு ஊர் இப்படி நம்பியதாகத் தெரியவில்லை. நான் சொல்லாத ஒன்றை நம்பியிருக்கிறது. பயமாக இருக்கிறது, கும்பிட வேண்டும் போலவும் இருக்கிறது.

அதே நாள், குற்றாலம்.

விழவில்லை.

பேரருவியில் பாறை மட்டும். ஒரு ஓரமாகத் தண்ணீர் கசிகிறது, குருவி குளிக்கும் அளவு. பாறையில் செதுக்கிய லிங்கங்கள் வெயிலில் வரிசையாகத் தெரிகின்றன. சீசனில் இவற்றை யார் பார்த்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவு உயரம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

எண்ணெய் தேய்க்கிறவர்கள் நிழலில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எப்போது விழும் என்று கேட்டேன். "நமக்கென்ன ஓலையா போட்டிருக்கு? வாரப்ப வரும். ஒக்காரும், தலைக்கு வைக்கட்டுமா?" என்றார் ஒருவர். காற்று இன்னும் மேற்கிலிருந்து வீச ஆரம்பிக்கவில்லை. கடைகளில் துண்டும் சோப்புமாக அடுக்கிவைத்துவிட்டு எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டு.

ஜூன் 7, திங்கள்.

காலை தென்காசி தபாலாபீஸிலிருந்து நிலையத்துக்கு டிரங்கால் (வெளியூர்ப் போன்). நீண்ட காத்திருப்பு. நி.அ.விடம் நடந்ததைச் சொன்னேன், இன்றே மறுப்புப் போட வேண்டும் என்றேன்.

"ஸ்கிரிப்டுல தண்ணி விழுந்துதுன்னு எழுதியிருந்தீரா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதை மறுக்க? எஃபெக்டுக்கெல்லாம் மறுப்புப் போட முடியுமாவே? நாளைக்கு நாடகத்துல இடி இடிச்சா குடை எடுத்துட்டு வந்து நிப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

மத்தியானம் மருதங்குளம். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம். நான் இன்னார் என்று சொன்னேன். நம்பவில்லை. வேலு அண்ணாச்சி குரலில், நிகழ்ச்சியை எப்போதும் தொடங்குகிற மாதிரி, "என்ன சம்முவம், பயிர் பச்சை எல்லாம் எப்படி இருக்கு?" என்றேன். ஒரு சலசலப்பு. அந்தக் குரலிலேயே விஷயத்தையும் சொல்லி முடித்தேன். என் குரலில் சொல்லத் தைரியம் இல்லை.

கருப்பசாமி என்பவர்தான் முதலில் வாய் திறந்தார். "நீரு பாட்டுக்கு மைக்குல தண்ணியத் தொறந்துவிட்டுட்டுப் போயிட்டீரு. நாங்க எங்க போயி முட்ட?" அவிக்கலாம் என்று சிலர். "அவிச்சுத் திங்கதுக்கா இத்தன நாளு வச்சிருந்தோம்," என்றாள் முத்தம்மாள்.

அப்போது கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்ற பெண் என்னைப் பார்த்துப் பேசினாள். இசக்கியம்மாள் (இனி இ.). ச.பா.வின் தம்பி மனைவி, தம்பி பட்டாளத்தில். ஊரில் இன்ஜின் வைத்த கிணறு இவளுடையது ஒன்றுதான். ஏன் இன்ஜின் வைத்தாள் என்றால், புருஷன் எல்லையில் இருந்த வருஷம் இவளுடைய முறைத் தண்ணீரை ச.பா. தன் வயலுக்குத் திருப்பிவிட்டார். பயிர் கருகிற்று. அன்று முதல் அவரோடும் பேச்சில்லை, அவருக்குப் பரிந்து பேசிய ஊரோடும் பேச்சில்லை.

"ரேடியோக்காரரே, எங்கிணத்து வயலு சும்மாத்தான் கெடக்கு. ஊரு விதையை அங்கன கொண்டு போடச் சொல்லுங்க."

ச.பா. நாலு எட்டில் நிற்கிறார். அவரும் என்னைப் பார்த்தே: "கிணத்துல எம்புட்டுத் தண்ணி கெடக்குன்னு கேளுங்க."

"நாத்தங்காலுக்கு ஒரு வாரத்துக்குக் காணும். அதுக்கு மேல மலை பாத்துக்கிடட்டும்னு சொல்லுங்க."

"டீசலுக்கு ஊரு குடுத்துரும்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன், எல்லோர் காதிலும் விழுந்ததை. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கருகிய பயிரை மறக்காதவள், ஊர் விதையை எடுத்துப் போடச் சொல்கிறாள்.

ஜூன் 8, செவ்வாய்.

விடிந்ததிலிருந்து இன்ஜின் சத்தம். இ. வயலில் தொளி உழவு, சேறு பாயசமாகக் குழைந்தது. நானும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். வரப்பு வெட்டத் தெரியவில்லை, சேற்றைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையை என்னை இழுக்கவிட்டார்கள். இரண்டு தடவை விழுந்தேன். "வேலு அண்ணாச்சி, சேத்துல கால வைக்கது எப்படின்னு ஒரு நாளைக்கு ரேடியோவுல சொல்லுங்களேன்." கருப்பசாமி. நேற்றைய கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

வீட்டுக்கு ஒரு பாத்தி. சாக்கை அவிழ்த்ததும் ஒரு சூடு, ஒரு வாசனை. நெல்லுக்கு நெல் வெள்ளையாய் முளை. கையில் ஒரு பிடி வாங்கிப் பார்த்தேன். உரத்தைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் எத்தனை ஸ்கிரிப்ட் எழுதியிருப்பேன். இப்படி ஒரு பிடி முளைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதில்லை.

மாலை, அடுத்த நிகழ்ச்சிக்கான பதிவு. கடைசியில் நானாக நான்கு வாக்கியம் சேர்த்தேன்: சனிக்கிழமை நீங்கள் கேட்டது போன வருஷத்து அருவி. இந்த வருஷம் குற்றாலத்தில் இன்னும் தண்ணீர் விழவில்லை. விதையை ஊறப்போட்டவர்கள் இருந்தால் தப்பு என்னுடையது. மன்னிக்க வேண்டும். கடைசி பஸ்ஸில் கொடுத்தாயிற்று.

ஜூன் 10, வியாழன். தென்காசி.

வெயில். காய்ச்சல் மாதிரி உடம்பு வலி, சேற்று உபயம்.

நேற்று ஒலிபரப்பில் நான்கு வாக்கியமும் வந்துவிட்டன. யாரும் முன்னால் கேட்டுப் பார்க்கவில்லையாம். இன்று காலை நி.அ. டிரங்கால். "இனிமே உம்ம டேப்பை நான் முழுசாக் கேக்காம ஒரு இன்ச் போகாது." சரி சார். "வேலு அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டா மத்த நாள் சொன்னதை எவன் நம்புவான்?" சரி சார்.

பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டது: கீழ்ப்பக்கத்தில் இன்னொரு ஊரும் ஊறப்போட்டு, கிணறு இல்லாமல் அவித்துவிட்டதாம். டீயைப் பாதியில் வைத்தேன். இன்று கடைக்காரன் காசு வாங்கிக்கொண்டான்.

ஜூன் 11, வெள்ளி. மருதங்குளம்.

நாற்று பச்சை பிடித்திருக்கிறது. கிணறு இறங்கிக்கொண்டே போகிறது. நேற்று அரைப் பொழுது ஓடிய இன்ஜின் இன்று அதற்குள் காற்றை இழுக்கிறது. ஊர் முழுக்க ஒரு நேரமாவது வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், ஆஸ்பத்திரியில் ஆள் பார்ப்பது போல.

நான் குற்றாலத்தில் போய் இருக்கப்போகிறேன் என்று சொன்னேன். நிஜமாக விழுந்தால் பதிவு செய்து அனுப்ப. இ. சொன்னாள்: "இந்தத் தடவ ஊரு ஆளு ஒண்ணு காதால கேக்கணும். நானே வாரேன். ஆய்க்குடியில எங்க அக்கா இருக்கா, அங்கன தங்கிக்கிடுதேன்."

அப்போது இன்ஜினை யார் பார்ப்பது? ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியை என்னிடம் நீட்டினாள். நான் ச.பா.விடம் நீட்டினேன். வாங்கித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 13, ஞாயிறு. குற்றாலம்.

ஒன்றுமில்லை. இ. காலையில் அக்காவோடு வருகிறாள், பாறைக்கு எதிரே உட்கார்கிறாள், வெயில் ஏறியதும் போகிறாள். என்னோடும் அதிகம் பேச்சில்லை. சாயங்காலம் முதல் தடவையாகக் காற்று மேற்கிலிருந்து. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டேன். லாட்ஜ்காரர்: "இதெல்லாம் நம்பாதீரும்."

ஜூன் 14, திங்கள்.

எழுத முடியுமா தெரியவில்லை. முயற்சி.

விடியும்போதே சாரல். மலை தெரியவில்லை. பாறைக்கு எதிரே நாங்களும் எண்ணெய் தேய்க்கிறவர்களும் நாலைந்து கடைக்காரர்களும். மேலே ஏதோ உருளும் சத்தம். முதலில் வந்தது தண்ணீர் இல்லை, இலை. சருகும் சுள்ளியுமாகக் கொட்டிற்று. பிறகு செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு பாறைமேல் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. அப்புறம் மொத்த மலையும் அவிழ்ந்து விழுந்தது. லிங்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எண்ணெய்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அழுதேன், சாரலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ரிக்கார்டரை நான் மறந்தே போனேன். இ. தான் தோளில் தட்டினாள். மைக்கை எடுத்து, "இன்று தேதி பதினான்கு, இது இந்த வருஷத்து..." என்று கத்தினேன். ரிக்கார்டரின் ஒலியளவு முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நிற்கிறது. ஹெட்போனில் என் குரலே இல்லை. அருவி மட்டும். இதை அனுப்பினால் யார் நம்புவார்கள்? போன வருஷத்து அருவியும் இதே சத்தம்தான்.

இ. கையை நீட்டி மைக்கை வாங்கினாள். முந்தானையால் அதையும் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று, வாயோடு வைத்து என்னவோ பேசினாள். வெகுநேரம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன், காது வலித்தது. உண்மையில் நான் அவளைக் கவனிக்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல்லை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. போட்டுக் கேட்க நேரமில்லை. சுருளைக் கண்டக்டரிடம் கொடுத்து, நி.அ.வுக்கு ஒரு துண்டுச் சீட்டு: 'வெட்டுவதானால் என்னையும் சேர்த்து வெட்டிவிடுங்கள்.' எழுதியபின் கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. பஸ் போய்விட்டது.

ஜூன் 15, செவ்வாய். மருதங்குளம்.

சாரல் சுரண்டை வரை. வரும் வழியில் வாய்க்கால் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. கிணற்றில் இன்ஜின் இன்று ஓடவே இல்லை. நாற்றின் நுனி மஞ்சள். இ. நேராக வயலுக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் விழுந்துவிட்டது, நானே பார்த்தேன் என்று ச.பா.விடம் சொன்னேன். "சாயந்தரம் கேப்போம்," என்றார்.

ரேடியோ முன்னால் ஊர் முழுக்க. நி.அ. போட்டாரா வெட்டினாரா தெரியாது. நேரம் வந்தது. வேலு அண்ணாச்சி இல்லை. வறண்ட ஒரு குரல், நி.அ.வின் சொந்தக் குரல்: "இப்போது நீங்கள் கேட்கப்போவது நேற்றுக் காலை குற்றாலத்தில் பதிவு செய்யப்பட்டது. நேற்று."

அருவி. ஒருவரும் அசையவில்லை. எழுந்து போகவில்லை. பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுவது போல, இ.யின் குரல்:

"ஏட்டி முத்தம்மா. தண்ணி வருது. எங்கிணத்து வயல்ல ஒம் பாத்தி ஓரம் மேடா இருக்கு, வந்து சரி பண்ணு. கருப்பசாமி அண்ணே, ஒங்க பாத்தியில களை கெடக்கு. சொடல, ஏ ஆரோக்கியம், கால்ல அடைப்பு எடுங்க. ஏ பேச்சி..."

போன வருஷம் இந்தப் பேர்களை அவள் வாய் சொல்லியிருக்காது. ஊருக்குப் புரிந்துவிட்டது. பேர் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வீடு வீடாகப் பேர்கள் போயின. ச.பா. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பேர்கள் தீர்ந்துவிட்டன. அருவி மட்டும் கொஞ்ச நேரம்.

"அத்தான், மொத முறைத் தண்ணி நீங்களே தொறந்து விடுங்க. ஊரு நாத்து கெடக்கு."

ச.பா. எழுந்தார். பெட்டியைப் பார்த்து, அந்தச் சின்னக் குரலில், "இந்தா வாரேன் தாயி," என்றார். ரேடியோவைப் பூட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலை நோக்கி நடந்தார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். நானும்.